எஸ்ஏபி பிஓ-வுக்குப் பதில் காஃப்காவா, எம்கியூவா?

கார்த்திக்_ஆலை: எங்கள் ஆலையில் எஸ்ஏபி (நிறுவன நிர்வாக மென்பொருள்), கிடங்கு மென்பொருள், ஆரக்கிள் டேட்டாபேஸில் ஓடும் பழைய பில்லிங், மூன்றையும் எஸ்ஏபி பிஓ என்ற இணைப்பு மென்பொருள் இணைக்கிறது. 2027 இறுதியோடு அதன் வழக்கமான பராமரிப்பு முடிகிறது, கூடுதல் காசு கொடுத்தால் 2030 வரை. மேலாளர் அதற்குப் பதில் காஃப்கா (செய்திகளைப் பதிவாக எழுதிவைத்துப் பலருக்கும் தரும் தளம்) என்கிறார். எனக்கு ஐபிஎம் எம்கியூ (செய்திகளை வரிசையில் வைத்துச் சேர்க்கும் மென்பொருள்) போதும் என்று படுகிறது.

நிரலன்: காஃப்காதான், யோசிக்கவே வேண்டாம். எம்கியூவில் செய்தியை எடுத்துவிட்டால் வரிசையிலிருந்து போய்விடும். காஃப்காவில் லாகிலேயே (வந்த வரிசையில் எழுதிவைக்கும் பதிவேட்டிலேயே) கிடக்கும், நாம் ஒன்றும் மாற்றாவிட்டால் 7 நாள், வேண்டுமானால் இன்னும் அதிகம். நாளை அனலிட்டிக்ஸ் என்று நான்காவது சிஸ்டம் வந்தால், அனுப்புகிற பக்கம் கை வைக்காமலே பழையதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளலாம்.

வடசேரி வாசு: தம்பி, லிங்க்ட்இன் தன் தளத்தில் குவியும் பயன்பாட்டுத் தரவை அள்ள எழுதி 2011-ல் வெளியிட்டது காஃப்கா. இவருக்கு ஓடுவது ஆர்டரும் இன்வாய்ஸும். ஒரு இன்வாய்ஸ் கெட்டுப்போய் வந்தால் எம்கியூவில் அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம், காஃப்காவில் நாமாக வழி செய்யாவிட்டால் அந்தப் பார்டிஷனே (லாகின் அந்தப் பிரிவே) அதன் பின்னால் நிற்கும். எக்ஸ்ஏவும் (இரண்டு இடத்தில் நடக்கும் பதிவை ஒன்றாக முடிக்கும் அல்லது ஒன்றாகக் கைவிடும் முறை) கிடையாது. ஆரக்கிளில் கமிட் ஆகி (பதிவு உறுதியாகி) செய்தி மட்டும் போகாவிட்டால்?

நிரலன்: அவுட்பாக்ஸ் டேபிள் வைப்பேன் அண்ணே. ஆர்டரும் அனுப்பவேண்டிய செய்தியும் ஒரே கமிட்டில் விழும், டெபீசியம் (டேட்டாபேஸில் நடக்கும் மாற்றத்தைக் கவனிக்கும் கருவி) அதை எடுத்து காஃப்காவில் போடும். எக்ஸ்ஏவைக் கட்டிக்கொண்டால் ஒரு சிஸ்டம் படுத்தால் எல்லாம் படுக்கும்.

வடசேரி வாசு: அதெப்படி? எக்ஸ்ஏ ஆரக்கிளுக்கும் வரிசைக்கும் நடுவில் மட்டும்தான். எஸ்ஏபி படுத்தால் செய்தி வரிசையில் காத்திருக்கும், வரிசை வைப்பதே அதற்குத்தானே! அப்புறம், டேபிள், டெபீசியம், காஃப்கா என்று மூன்றையும் யார் பார்த்துக்கொள்வது?

மீனா_பேசிஸ்: பிஓ என்ன செய்கிறது என்பதையே இருவரும் விட்டுவிட்டீர்கள். செய்தியைக் கடத்துவது அதில் சின்ன வேலை. ஐடாக்கை (எஸ்ஏபி அனுப்பும் ஆவண வடிவம்) பிரித்து, எதிர்ப்பக்கம் கேட்கும் வடிவத்துக்கு மாற்றி, எது எங்கே போகவேண்டும் என்று முடிவு செய்வதுதான் பெரிய வேலை. காஃப்காவும் எம்கியூவும் பைட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். கார்த்திக், இந்த வடிவமாற்ற விதிகள், அதாவது மேப்பிங் எல்லாம் எதில் எழுதியிருக்கிறது?

கார்த்திக்_ஆலை: பெரும்பாலும் ஜாவா மேப்பிங் மேடம். எழுதியவர்கள் இப்போது இங்கே இல்லை.

மீனா_பேசிஸ்: சரி, அப்படியானால் அந்த வேலையைச் செய்யக்கூடிய எஸ்ஏபி இன்டெக்ரேஷன் சூட்டையும் (எஸ்ஏபியின் கிளவுட் இணைப்புச் சேவை) அப்பாச்சி கேமலையும் (திறந்த மூல இணைப்பு மென்பொருள்) முதலில் ஒப்பிடுங்கள். சூட்டில் உள்ள இடமாற்ற மதிப்பீட்டுக் கருவியை உங்கள் பிஓ மேல் ஓட்டினால், எந்த இன்டர்ஃபேஸ் (சிஸ்டங்களுக்கு நடுவிலான இணைப்பு) அப்படியே போகும், எதைத் திருத்தவேண்டும் என்று பிரித்துக் காட்டும். அந்தப் பட்டியலோடு மேலாளரிடம் போங்கள். அடியில் எந்த வரிசை என்பதை அதற்கப்புறம் பேசலாம்.