எட்டு மெஷின் ஷாப்புக்குச் சொந்தமாக ஒரு புராசஸ் இன்ஜினியர் தேவையா?

கேள்வி

நாலு விஎம்சி (செங்குத்து மில்லிங் மெஷின்), நாலு சிஎன்சி லேத் (கணினி புரோகிராமில் ஓடும் கடைசல் மெஷின்). எல்லாம் ஜாப் ஒர்க், அதாவது வாடிக்கையாளர் ட்ராயிங்படி செய்து கொடுப்பது. மாதம் சுமார் 35 விதமான பாகங்கள், பேட்ச் 50 முதல் 400 வரை. புரோகிராமும் ஃபிக்ஸர் (பாகத்தைப் பிடிக்கும் அமைப்பு) டிசைனும் வெளியே கொடுத்து வாங்குகிறோம். செட்டர்கள் (மெஷினை ஜாபுக்குத் தயார் செய்பவர்கள்) கெட்டிக்காரர்கள். ஆனாலும் போன தடவை நன்றாக ஓடிய ஜாப் மறுபடி வந்தால் திரும்பவும் முதலிலிருந்து தடவ வேண்டியிருக்கிறது. பாகத்தை எப்படி வெட்டுவது என்று வகுக்கும் புராசஸ் இன்ஜினியர் ஒருவரை உள்ளேயே வைக்கலாமா என்ற பேச்சு எழுந்தால், மெஷினைத் தொடாத ஆளுக்கு எதற்குச் சம்பளம் என்று எதிர்ப்பு வருகிறது. அவருக்கு என்ன வேலை கொடுப்பது, பலனை எதை வைத்து அளப்பது?

பதில் 1

திரும்பவும் தடவுகிறோம் என்கிறீர்களே, பிரச்சினை அங்கேதான். வெளியே எழுதிய புரோகிராம் ஓடும்போது மூலையில் டூல் கத்துகிறது. செட்டர் ஃபீட் (டூல் நகரும் வேகம்) ஓவர்ரைடை 70 சதவீதத்துக்கு இறக்குகிறார், அல்லது கன்ட்ரோலரிலேயே எண்ணைத் திருத்துகிறார். பேட்ச் முடிந்துவிடுகிறது, ஆனால் அந்தத் திருத்தம் கேம் கோப்புக்குப் (புரோகிராமை உருவாக்கும் கணினிக் கோப்பு) போய்ச் சேருவதில்லை. அடுத்த ஆர்டருக்கு அதே பழைய கோப்பு, அதே கத்தல். வெட்டும் முறையை எழுதியவரே சிப்பின் நிறத்தையும் அளவையும் அதே ஷிப்டில் பார்த்து, கோப்பிலேயே திருத்தினால்தான் இது நிற்கும்.

முதலில் இரண்டு வாரம் ஒவ்வொரு மெஷினுக்கும் நேரக் கணக்கு எழுதச் சொல்லுங்கள்: ஸ்பிண்டில் (மெஷினின் சுழலும் தண்டு) வெட்டிய நேரம், செட்டிங், முதல் பீஸ் ஒப்புதலுக்குக் காத்திருந்தது, டூலுக்கோ ட்ராயிங்குக்கோ காத்திருந்தது, ரீவொர்க். 35 ஜாப், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆபரேஷன் என்றால் மாதம் 70 செட்டிங். ஒரு செட்டிங்கில் ஒரு மணி நேரம் குறைந்தாலே 70 மெஷின் மணி மிச்சம். அதை உங்கள் மெஷின் மணி விலையால் பெருக்கினால் சம்பளக் கேள்விக்குப் பதில் வந்துவிடும்.

பதில் 2

மேலே சொன்ன கணக்கோடு வெட்டும் நேரத்தையும் சேருங்கள். சிறு உதாரணம்: 12 மி.மீ., நாலு பல் கார்பைடு எண்ட் மில், வெட்டு வேகம் நிமிடத்துக்கு 120 மீட்டர். ஸ்பிண்டில் நிமிடத்துக்குச் சுமார் 3180 சுற்று. பல்லுக்கு 0.06 மி.மீ. வைத்தால் ஃபீட் நிமிடத்துக்கு 760 மி.மீ. பக்கம் வரும். பக்கவாட்டு வெட்டு 1.2 மி.மீ. மட்டும்தான் என்றால், அதாவது விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, சிப்பின் உண்மையான தடிமன் நீங்கள் கொடுத்ததில் 60 சதவீதம்தான். பல்லுக்கு 0.10 கொடுத்தால்தான் நினைத்த தடிமன் கிடைக்கும்; ஃபீட் 1270-க்குப் போகும். கொடுக்காவிட்டால் டூல் வெட்டாமல் தேய்க்கிறது, சூடேறிச் சீக்கிரம் மழுங்குகிறது. வெளியே இருந்து எழுதுபவர் உங்கள் ஹோல்டரின் ரன்அவுட் (சுழலும்போது டூல் மையம் விலகும் அளவு) தெரியாமல் பயந்து குறைவாகத்தான் வைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

செட்டிங் ஷீட்டும் உள்ளே வரும் இன்ஜினியர் பொறுப்பாகட்டும். டூல் ஹோல்டரிலிருந்து எவ்வளவு நீட்டியிருக்கிறது, இன்சர்ட் கிரேடு, சக் (லேத்தில் பாகத்தைப் பிடிக்கும் பிடி) பிரஷர், ஜா (அதன் தாடை) எண், ஜி54 (அளவுகளின் தொடக்கப் புள்ளி) எந்த முகத்தில், கிளாம்ப் செய்த நிலையில் ஒரு போட்டோ. ஒரே பக்கம் போதும்.

பதில் 3

இருவரும் மெஷின் பக்கமே பேசுகிறார்கள். கொட்டேஷனுக்கு முன்னால் ட்ராயிங்கை யார் படிக்கிறார்கள்? என் கணக்கில் பெரிய இலாபம் அங்கேதான்.

எம்6 மூடிய துளை, மரை ஆழம் 14, டிரில் ஆழம் 15 என்று வரும். டேப்பின் (மரை வெட்டும் டூல்) முனையில் இரண்டு மூன்று மரை சரிவாக இருக்கும். பிட்ச் 1 மி.மீ. என்பதால் 14 வரை முழு மரை வேண்டுமானால் டிரில் 18-ஆவது போக வேண்டும். இல்லையென்றால் டேப் அடியில் முட்டி உடையும். எஃகில் பொதுவாக 9 மி.மீ. மரை பிடித்தாலே எம்6-க்குப் போதும் என்று வாடிக்கையாளரிடம் ஆர்டருக்கு முன்பே பேசினால் ஒத்துக்கொள்வார். பேட்ச் பாதியில் பேசினால் சண்டைதான்.

அதேபோல் 40 மி.மீ. ஆழப் பாக்கெட்டில் (குழிவு) மூலை ஆரம் 3. மூலையில் டூல் முழுக்க மாட்டிக்கொள்ளாமல் திரும்ப 5 மி.மீ. டூல் போட வேண்டும். ஆரத்தை 5.5 ஆக்க ஒத்துக்கொண்டால் 10 மி.மீ. போடலாம். அதே நீளத்தில் விட்டம் இரட்டித்தால் விறைப்பு 16 மடங்கு. சைக்கிள் டைம் எங்கேயோ போய்விடும்.

கேள்வி கேட்டவர்

நன்றி. லேத்தில் மெல்லிய வளையம் ஒன்று: எங்கள் போர் (உள்துளை) மைக்ரோமீட்டரில் சரி, வாடிக்கையாளரிடம் வட்டம் இல்லை என்று திரும்பி வருகிறது. இதுவும் அந்த இன்ஜினியர் வேலையா?

பதில் 1

சந்தேகமே வேண்டாம். உங்களுடையது இரண்டு புள்ளி மைக்ரோமீட்டராகத்தான் இருக்கும். மூன்று ஜா அழுத்தியபடி போர் செய்து, விட்டதும் வளையம் முக்கோணச் சாயலுக்கு விரிகிறது. எதிரெதிர் அளவு மட்டும் ஏறக்குறைய மாறாது. மூன்று புள்ளி கேஜில் திருப்பித் திருப்பிப் பாருங்கள், தெரிந்துவிடும். வளையத்தைச் சுற்றிப் பிடிக்கும் அகல சாஃப்ட் ஜா (கடைந்துகொள்ளக்கூடிய மென்மையான தாடை) போடுங்கள், அதை ஜாப் பிடிக்கும் அதே பிரஷரில் வளையத்தின் வெளி விட்டத்துக்கு ஏற்ப போர் செய்து கொள்ளுங்கள். ஃபினிஷுக்கு முன் ஒரு முறை தளர்த்தி, குறைந்த பிரஷரில் மறுபடி பிடியுங்கள்.

பதில் 4

ஒரு எச்சரிக்கை. ஆளை எடுத்தபின் மெட்டீரியல் துரத்தவும் டெஸ்பாட்ச் பார்க்கவும் அனுப்பிவிட்டால் ஆறு மாதத்தில் பழைய நிலைதான். உங்கள் செட்டர்களில் ஒருவருக்குக் கேம் கற்றுக்கொடுத்து இந்த இடத்தில் வைக்க முடியுமா என்றும் பாருங்கள். மெஷினைத் தொடாத ஆள் என்ற பேச்சே எழாது. அவர் இடத்துக்கு வேறு செட்டர் மட்டும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.