சாரல் காலத்தில் ரெசின் வேலை: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் சாரல் எங்களுக்குச் சுகம்தான். கலந்து ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகும் பிசினான ரெசினுக்கு அப்படி இல்லை.

கேரளப் பக்கம் உள்ள கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலத்தைக் கேன்வாஸில் அடுக்கடுக்காகச் செய்துகொண்டிருக்கிறேன். 1904-இல் ரயில் ஓடத் தொடங்கிய செங்கோட்டை–புனலூர் பாதையில் இருக்கிறதே, அந்தக் கருங்கல் பாலம்தான். அடியில் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு, அதன்மேல் கசக்கிய டிஷ்யூ காகிதம், பழைய மலையாள நாளிதழ்த் துண்டுகள். கல் வரிசைக்கு மாடலிங் பேஸ்ட் என்ற கெட்டிச் சாந்தைப் பூசி, அது காயும் முன் பழைய பல்துலக்கியால் குத்தினேன். சொரசொரப்பு அச்சு அசலாக வந்திருக்கிறது. கையை எடுக்க மனமில்லை.

அடுத்து, சிலிக்கான் அச்சில் வார்த்த ரெசின் இலைகளை ஒட்ட வேண்டும்; பாலத்தின் கீழே ரெசின் ஊற்றி நீரோட்டம் காட்ட வேண்டும். ஆனால் வார்த்த இலைகளில் வெள்ளைப் படலமும் பிசுபிசுப்பும். ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரைப் புட்டியில் சொன்ன விகிதத்தில்தான் கலந்தேன். கடைக்காரர் “வெயிலில் வையுங்கள்” என்கிறார். ஆடி மாதத்தில் வெயிலுக்கு எங்கே போவது?

காற்றின் ஈரப்பதத்தால் வரும் படலம் என்றால் இலைகளைச் சோப்பு நீரில் கழுவிவிடலாம். காகிதம் ஒட்டிய கேன்வாஸை எப்படிக் கழுவுவது? ஊற்றும் அறையை உலர்வாக வைக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ரெசின் பாரத்தில் கேன்வாஸ் நடுவே தொய்ந்து குளம் கட்டாமலிருக்கப் பின்னால் அட்டை போதுமா, பலகைதான் வேண்டுமா? இலைகளை ஒட்டக் கெட்டியான ஜெல் மீடியம் (அக்ரிலிக் பசை) தாங்குமா?

தென்காசி, புனலூர் பக்கம் யாரிடமாவது ஈரம் உறிஞ்சும் கருவி இருந்தால் வாடகைக்குக் கொடுத்தாலும் சரி, வந்து எடுத்துக்கொள்கிறேன்.