நப்பின்னை என்று பெயர் வைக்கலாமா? பொருள் என்ன, எப்படி எழுதுவது?

கேட்டவர்: தாழம்பூ

பெண் குழந்தைக்கு ‘நப்பின்னை’ என்று பெயர் வைக்கலாம் என்று வீட்டில் பேச்சு. திருப்பாவையில் வரும் பெயர் என்பது மட்டும் தெரியும். அகராதியில் ‘பின்னை’ என்று தேடினால் ‘பிறகு’ என்று வருகிறது. ‘பின்னால் வந்தவள், இரண்டாந்தாரம்’ என்று பொருள் சொல்லி வேண்டாம் என்கிறார் ஒரு பெரியவர். இன்னொருவர் ராதைக்குத்தான் தமிழில் இந்தப் பெயர் என்கிறார். எது சரி? முன்னால் நிற்கும் ‘ந’ எதற்கு? இவ்வளவு பழைய பெயரை ஏன் யாரும் வைப்பதில்லை?

மறுமொழி: குருந்தமரம்

நப்பின்னை தமிழ் மரபில் கண்ணனின் துணைவி. பெயரை ந + பின்னை என்று பிரிக்க வேண்டும். அந்த ‘ந’ சிறப்புப் பொருள் தரும் முன்னொட்டு. சங்கப் புலவர் பெயர்களில் நிறையப் பார்க்கலாம்: கீரர் நக்கீரர் ஆனார், தத்தனார் நத்தத்தனார் ஆனார். பெண்பாற் புலவர்களிலும் காக்கைபாடினியார் நச்செள்ளையார், பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார், மாறோக்கத்து நப்பசலையார் என்று மூவர் உடனே நினைவுக்கு வருகிறார்கள். ‘ந’வுக்குப் பின் வரும் வல்லினம் இரட்டிக்கும். அதனால்தான் நபின்னை இல்லை, நப்பின்னை. நப்பசலையும் நப்பின்னையும் ஒரே அச்சில் வார்த்த பெயர்கள்.

‘பின்னை’ என்றால் பின் பிறந்தவள், இளையவள். சிலப்பதிகாரம் கண்ணனின் அண்ணன் பலராமனைத் ‘தம்முன்’ என்கிறது. முன் பிறந்தவன் தம்முன், பின் பிறந்தவள் பின்னை. வைணவ மரபில் இவள் திருமகளுக்கு இளையவளாக, நீளாதேவியாக வைத்து எண்ணப்படுகிறாள். இரண்டாந்தாரம் என்ற பொருள் சொல்லிலும் இல்லை, மரபிலும் இல்லை. பெரியவரிடம் திருவாய்மொழியைக் காட்டுங்கள். தொலைவில்லிமங்கலத்துப் பெருமான்மேல் பித்தான பெண்ணைப் பார்த்துத் தோழி ‘பின்னைகொல் நிலமாமகள்கொல் திருமகள்கொல் பிறந்திட்டாள்’ என்று வியக்கிறாள். மூன்று தேவியரில் நம்மாழ்வார் வாயில் முதலில் வருவது பின்னைதான்!

‘பின்னை’யைக் கூந்தல் பின்னலோடு சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு. திருவள்ளுவமாலையில் கண்ணனை ‘உபகேசி தோள்மணந்தான்’ என்று ஒரு வெண்பா குறிக்கிறது. உபகேசி நப்பின்னைதான், அதில் கேசம் இருக்கிறது. ஆண்டாளும் ‘கந்தம் கமழும் குழலீ’, ‘கொத்தலர் பூங்குழல் நப்பின்னை’ என்று கூந்தலைத்தான் பாடுகிறாள். கேட்க அழகாக இருந்தாலும், ‘இளையவள்’ என்பதே எனக்கு வலுவான பொருளாகப் படுகிறது.

மறுமொழி: ஆய்ப்பாடி

குருந்தமரம் சொன்னதோடு இலக்கியப் பக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன்.

சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் தீய சகுனங்களைக் கண்ட மாதரி, ஏழு ஆயர்பெண்களைக் குரவைக் கூத்துக்கு நிறுத்துகிறாள். ஒவ்வொருத்திக்கும் ஒரு சுரத்தின் பெயர்: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். பிறகு குரலை மாயவன் என்கிறாள், இளியைப் பலராமன் என்கிறாள், ‘ஆய்மகள் பின்னையாம் என்றாள் ஓர் துத்தத்தை’. ஆக, பின்னை அங்கே ஒரு சுரமாகவே நிற்கிறாள். பாட்டும் இசையும் உள்ள வீடு என்றால் இதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும்?

அதே காதையில் ‘பிஞ்ஞை’ என்ற வடிவமும் இருக்கிறது. மணிமேகலையில் ‘மாமணி வண்ணனும் தம்முனும் பிஞ்ஞையும் ஆடிய குரவை’ என்று வரும். பின்னை, பிஞ்ஞை இரண்டும் ஒருத்தியே. மூவரும் சேர்ந்து ஆடுவதைப் பார்த்துவிட்டு, பின்னை கண்ணனின் தங்கை என்று வாதிடுவோர் உண்டு. ஆண்டாள் ‘நந்தகோபாலன் மருமகளே நப்பின்னாய்’ என்று உறவை வெளிப்படையாகச் சொல்லிவிட்டாள். சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியிலும் இது காதலுக்கு எடுத்துக்காட்டு: குலம் பார்க்காதே, முருகன் வள்ளியை மணந்தான், நிலமகள் கேள்வனான திருமால் நப்பின்னையை மணந்தான் என்று சீவகனிடம் சொல்கிறார்கள். பெயர் ஒரு சமயத்துக்குள் அடைபட்டதல்ல என்பதற்கு இது போதும்.

ராதை வேறு, இவள் வேறு. ராதையைப் பெரிதாகப் பரப்பிய ஜெயதேவரின் கீதகோவிந்தம் 12ஆம் நூற்றாண்டு. சிலம்பும் ஆழ்வார் பாசுரங்களும் அதற்கு முந்தியவை. நப்பின்னையை ஏழு காளைகளை அடக்கிக் கைப்பிடித்தான் கண்ணன். ஏறுதழுவலில் வென்றவனுக்கே ஆயர்மகள் என்ற முல்லை நில வழக்கம் அது. பாகவதத்திலும் ஏழு காளைகள் வரும். அங்கே மணப்பெண் கோசல அரசன் நக்னஜித்தின் மகள் சத்யா. ராதைக்குக் காளையும் இல்லை, இந்த மணமும் இல்லை.

ஏன் அரிது என்றால், கோயிலில் இவளை ‘நீளாதேவி’ ஆக்கிவிட்டோம். திருப்பாவைக்கு முன் சொல்லும் துதியான, பராசர பட்டர் அருளிய தனியனே ‘நீளா’ என்றுதான் தொடங்குகிறது. கோதை, ஆண்டாள், பூங்கோதை எல்லாம் வீட்டுப் பெயர்களாக நிலைத்தன. பாடியவள் பெயர் பரவியது, பாடப்பட்டவள் பெயர் பாசுரத்திலேயே தங்கிவிட்டது. மார்கழி 18, 19, 20 மூன்று நாளும் ஊரெல்லாம் அவளைத்தான் எழுப்புகிறது. அந்தப் பெயரில் ஒரு குழந்தையைத் தேடினால் கிடைப்பதில்லை. எனக்கு இது பெரிய குறை.

கேட்டவர்: தாழம்பூ

இருவருக்கும் மிக்க நன்றி. வைப்பது என்று முடிவாகிவிட்டது. நட்சத்திர எழுத்து, ஆங்கில எழுத்துக்கூட்டு, சான்றிதழ் பற்றியும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவும்.

மறுமொழி: பதிவேடு

நாம எழுத்துப்படி ‘ந’ அனுஷத்துக்கு உரியது. வேறு நட்சத்திரமானால் அந்த எழுத்தில் ஒரு பெயரைக் காதில் சொல்லிவிட்டு, பதிவுக்கு நப்பின்னை கொடுக்கலாம். பலர் செய்வதுதான்.

தமிழில் ஐந்தே எழுத்து: ந, ப், பி, ன், னை. தட்டச்சில் அடிக்கடி வரும் பிழைகள் மூன்று. ‘னப்பின்னை’ என்று றன்னகரத்தில் தொடங்குவது, ‘நப்பிண்ணை’ என்று டண்ணகரம் போடுவது, ஒற்றை விட்டு ‘நபின்னை’ ஆக்குவது. பாசுரத்தில் இருக்கிறது என்று ‘நப்பின்னாய்’ எனப் பதிந்துவிடாதீர்கள், அது விளி, அதாவது கூப்பிடும் வடிவம். கண்ணகியைக் ‘கண்ணகீ’ என்று பதிவது போல ஆகிவிடும்.

ஆங்கிலத்தில் என், ஏ, பி, பி, ஐ, என், என், ஏ, ஐ. மொத்தம் ஒன்பது எழுத்து. எண் கணிதத்துக்காக ஒரு பி-யைக் குறைத்தாலோ, கடைசி ஐ-யை ஒய் ஆக்கினாலோ பின்னால் தொல்லை. பழக்கமில்லாத பெயர் என்பதால் தட்டச்சு செய்பவர் கண்ணுக்குப் பிழை தெரியாது. கவிதாவில் ஓர் எழுத்து போனால் அவரே திருத்திவிடுவார், நப்பின்னையில் திருத்தமாட்டார். அதனால் விண்ணப்பத்தில் தமிழிலும் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் தனித்தனியாக எழுதிக் கொடுத்து, கணினித் திரையில் எழுத்தெழுத்தாகப் பார்த்த பிறகே அச்சிடச் சொல்லுங்கள்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அப்போது பெயர் கட்டாயமில்லை. பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதற்குமேல் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். அவசரப்படாமல் எழுத்துக்கூட்டை முடிவு செய்துவிட்டுப் போங்கள். ஏறிய பெயரை மாற்றுவது சேர்ப்பதைப் போல எளிதல்ல. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே வயதுக்கான ஆவணம். ஆதாரை அதைப் பார்த்தே எடுங்கள், முன்னதாக வேறு எழுத்துக்கூட்டில் எடுத்துவிட்டால் இரண்டும் ஒட்டாது. பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்தை விரித்துத்தான் எழுத வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மறுமொழி: அத்துழாய்

பதிவேடு விட்ட ஒன்று. பிள்ளை இங்கிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ படிக்க வாய்ப்பிருந்தால், முதல் இரண்டு அசையைச் சுருக்கி ‘நாப்பி’ என்று கூப்பிடுவார்கள். அங்கே அந்தச் சொல்லுக்குக் குழந்தைக்குக் கட்டும் அணையாடை என்று பொருள். பள்ளியில் பிள்ளை அழுதுகொண்டு வரும். வீட்டிலேயே ‘பின்னை’ என்று கூப்பிட்டுப் பழக்குங்கள். ஆசிரியரிடமும் முதல் நாளே அந்தச் சுருக்கத்தையே சொல்லிவிடுங்கள். சிலம்பில் அவள் பெயர் அதுதான், கட்டாயச் சுருக்கமாக இருக்காது.

இரண்டாவது பெண் பிறந்தால் என் புனைபெயரையும் யோசியுங்கள். திருப்பாவையின் ‘உந்து மதகளிற்றன்’ பாசுரத்தைப் பாடியபடி இராமானுசர் தம் ஆசிரியர் பெரிய நம்பி வீட்டு வாசலுக்கு வந்தபோது, ‘சீரார் வளையொலிப்ப வந்து திறவாய்’ என்ற அடியில் வளை குலுங்கக் கதவைத் திறந்தவள் நம்பியின் மகள் அத்துழாய். அவளை நப்பின்னையாகவே கண்டு இராமானுசர் மூர்ச்சித்தார் என்பது குருபரம்பரை வழிச் செய்தி. துழாய் என்றால் துளசி. அதுவும் தமிழ்ப் பெயர், அதுவும் அரிது. எழுதும்போது துகரத்தில் நெடில் போடக் கூடாது.