இரவில் குறித்து வைத்த பதிவு: கோப்பு இருக்கிறது, ஆனால் திறக்க மாட்டேன் என்கிறது

மழைக்குருவி
வணக்கம். கணினியில் டிவி நிகழ்ச்சி பதிவாக நேரம் குறித்து வைக்கிறேன். பகலில் நான் பக்கத்தில் இருக்கும்போது எல்லாம் சரியாக நடக்கிறது, இரவுக்கு வைத்தால் மட்டும் காலையில் கோப்பு இருக்கிறது ஆனால் எந்தப் பிளேயரிலும் திறக்கவில்லை. அம்மா பார்க்கும் தொடரின் கடைசிப் பகுதி இந்த வாரம் வருகிறது, அதற்குள் சரிசெய்ய வேண்டும். அவசரம்.

வடக்குவாசல்
விண்டோஸா லினக்ஸா? எந்த மென்பொருள்? டியூனர் (ஒளிபரப்பை நேரடியாகக் கணினியில் வாங்கும் கருவி) யூஎஸ்பியா, உள்ளே பொருத்தும் அட்டையா? கோப்பு எத்தனை எம்பி? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது.

பழையவட்டு
வெளி வட்டில் சேமிக்கிறீர்களா? அது ஃபேட்32 என்ற பழைய வடிவமைப்பில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது. நொடிக்கு 8 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு 3.6 ஜிபி, ஒரு மணி பத்து நிமிடத்தில் நின்றுவிடும். உள்ளே இருப்பதை வேறு இடத்தில் நகலெடுத்துவிட்டு என்டிஎஃப்எஸ் வடிவமைப்புக்கு மாற்றுங்கள்.

கற்பாறை
இதே கேள்வி எத்தனை தடவை வந்துவிட்டது, தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கலாமே. விண்டோஸ் மீடியா சென்டர் 2015இல் விண்டோஸ் 10 வந்தபோதே போய்விட்டது. அப்புறம் டிவி பதிவுக்கு உருப்படியான மென்பொருள் நெக்ஸ்ட்பிவிஆர், இல்லையென்றால் லினக்ஸில் டிவிஹெட்எண்ட். நிகழ்ச்சி அட்டவணையை அவையே எடுத்துக்கொள்ளும், தாமதமாகத் தொடங்கும் நிகழ்ச்சிக்காக முன்னும் பின்னும் சில நிமிடம் சேர்த்தே பதியும். முதலில் இவற்றைப் பற்றிப் படியுங்கள்.

மழைக்குருவி
விண்டோஸ் 11. டியூனர் கிடையாது. செட்டாப் பாக்ஸிலிருந்து எச்டிஎம்ஐ, நடுவில் யூஎஸ்பி கேப்சர் கருவி. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளின் கட்டளையை பேட்ச் கோப்பில் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) போட்டு, விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் கணினியை எழுப்பி இயக்கு என்பதை டிக் செய்திருக்கிறேன். எம்பி4 ஆகச் சேமிக்கிறது. காலையில் அந்தக் கருப்பு ஜன்னல் அப்படியே நிற்கும், மூடிவிட்டுத்தான் கோப்பைத் திறப்பேன். வட்டு என்டிஎஃப்எஸ்தான்.

அலைக்கம்பி
பாக்ஸ் தானாகத் தூங்கிவிடுகிறது. பல பாக்ஸ்களில் சில மணி நேரம் ரிமோட்டைத் தொடாவிட்டால் ஸ்டாண்ட்பைக்குப் போகும் அமைப்பு இருக்கிறது. அதை அணைத்துப் பாருங்கள்.

நெசவு
பாக்ஸ் தூங்கினால் கருப்புப் படமாகப் பதிவாகும், கோப்பு திறக்கத்தான் செய்யும். இங்கே திறக்காததற்குக் காரணம் எம்பி4. அதில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற குறிப்பை எஃப்எஃப்எம்பெக் கடைசியில்தான் எழுதும், நீங்கள் ஜன்னலை மூடியதும் அது எழுதாமலே போய்விடுகிறது. பதிவு ஏன் நின்றது என்பது இன்னும் தெரியவில்லை. கட்டளையில் வெளியீட்டுக் கோப்பின் பெயரை எம்கேவி என்று முடியும்படி மாற்றுங்கள், பாதியில் அறுந்தாலும் அதுவரை பதிவானது ஓடும். இன்று இரவு ஏதாவது ஒரு நிகழ்ச்சியைச் சோதனையாக வைத்து, எத்தனை நிமிடம் பதிவாகியிருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

கற்பாறை
எச்டிஎம்ஐயில் பிடிப்பதே தவறான அடிப்படை. ஒளிபரப்பில் ஏற்கனவே சுருக்கி வந்த படத்தை பாக்ஸ் விரிக்கிறது, நீங்கள் இரண்டாம் முறை சுருக்குகிறீர்கள். டியூனரில் ஒளிபரப்பு ஓடை வந்தபடியே வட்டில் விழும், தரமும் குறையாது, பிராசஸருக்கும் வேலை இல்லை.

வடக்குவாசல்
சேனல் பூட்டியிருந்தால் டியூனரில் என்ன விழும்? சந்தா அட்டை சொருகும் வசதியுள்ள டியூனர் எல்லாருக்கும் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் எல்லா நிறுவன அட்டையும் அதில் வேலை செய்யாது. பாக்ஸ் வைத்திருப்பவருக்கு எச்டிஎம்ஐ ஒன்றுதான் வழி.

கற்பாறை
அந்த எச்டிஎம்ஐயிலும் எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பூட்டு இருந்தால் கருப்புத் திரைதான். இதை ஏன் சொல்லவில்லை?

வடக்குவாசல்
பகலில் சரியாகப் பதிவாகிறது என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறார், படித்தீர்களா? பூட்டு இருந்தால் பகலிலும் வராதே. வந்தவரின் சிக்கலை விட்டுவிட்டு அவர் வைத்திருக்கும் கருவியையே மாற்றச் சொல்வது உதவி ஆகாது.

மழைக்குருவி
எம்கேவி திறக்கிறது! ஆனால் இரண்டு நிமிடம்தான் இருக்கிறது, சில நொடிகள் கூடுதலாக.

நெசவு
இரண்டு நிமிடம் என்றால் காரணம் தெரிந்துவிட்டது. ஆள் இல்லாமல் டைமர் மூலம் எழும் கணினியை விண்டோஸ் தனியாக நடத்தும். விசைப்பலகையையோ மவுஸையோ யாரும் தொடாவிட்டால், எந்த மென்பொருளும் "தூங்காதே" என்று கேட்டுக்கொள்ளாவிட்டால், மறுபடி தூங்க வைத்துவிடும். அந்தக் கெடு வழக்கமாக 2 நிமிடம், நீங்கள் பவர் அமைப்பில் வைத்திருக்கும் நேரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. நெக்ஸ்ட்பிவிஆர் மாதிரி பதிவுக்கென்றே எழுதியவை அப்படிக் கேட்டுக்கொள்ளும், எஃப்எஃப்எம்பெக் கேட்காது. பகலில் நீங்கள் பக்கத்தில் இருப்பதால் இது தெரியவே இல்லை.

ஈவென்ட் வியூவரில் (கணினியில் நடப்பதை விண்டோஸ் குறித்து வைப்பதைக் காட்டும் கருவி) சிஸ்டம் பதிவேட்டில் கெர்னல்-பவர், எண் 42 என்று தேடுங்கள். கணினி தூங்கப் போன நேரம் அதில் இருக்கும், பதிவு நின்ற நேரத்தோடு பொருந்த வேண்டும்.

சரிசெய்ய இரண்டு வழி. அந்தக் கெடுவின் பெயர் சிஸ்டம் அன்அட்டெண்டட் ஸ்லீப் டைம்அவுட். பவர் அமைப்பில் மறைந்திருக்கும், ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) அதற்குரிய ஆட்ரிபியூட்ஸ் மதிப்பை 2 ஆக்கினால் வெளியே தெரியும், பிறகு நிமிடத்தைக் கூட்டலாம். ரெஜிஸ்ட்ரியில் கை வைக்க வேண்டாம் என்றால் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பில் கணினியைத் தூங்க விடாத அவேக் என்று ஒரு கருவி உண்டு, பேட்ச் கோப்பில் எஃப்எஃப்எம்பெக் வரிக்கு முன்னால் நேர அளவோடு அதை அழைத்துவிடுங்கள். முன்னால் ஸ்டார்ட் (start) என்ற கட்டளையைப் போட்டு அழையுங்கள், இல்லாவிட்டால் அது முடியும்வரை அடுத்த வரி ஓடாது.

பதிவு நேரத்தையும் எஃப்எஃப்எம்பெக் கட்டளையிலேயே -t அளவுருவில் கொடுங்கள். தானாக முடிந்தால் கோப்பும் ஒழுங்காக மூடப்படும். கடைசிப் பகுதி என்பதால் பத்து நிமிடம் கூடுதலாகவே வையுங்கள், இழுத்துக்கொண்டு போவார்கள்.

அலைக்கம்பி
பாக்ஸின் ஸ்டாண்ட்பையையும் அணைத்துவிடுங்கள் என்றுதான் இன்னமும் சொல்வேன். கணினி விழித்திருந்து பாக்ஸ் தூங்கினால் அம்மாவுக்குக் கருப்புத் திரைதான்.

நெசவு
அதுவும் சரிதான், செய்துவிடுங்கள்.

மழைக்குருவி
42 சரியாகப் பொருந்தியது. அவேக் போட்டேன், பாக்ஸிலும் அணைத்தேன். முழுதாகப் பதிவாகிவிட்டது, அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார். நெசவு, மிக்க நன்றி.

பனித்துளி7
எனக்கும் இதே சிக்கல், ஆனால் லினக்ஸ். கணினி எழவே இல்லை. என்ன செய்வது?

வடக்குவாசல்
எழவே இல்லை என்றால் சிக்கல் வேறு. தனி இழை போடுங்கள். எந்த லினக்ஸ், எந்த மென்பொருள், அதே கணினியில் விண்டோஸும் இருக்கிறதா என்று சேர்த்து எழுதுங்கள். இரண்டும் இருந்தால் பயாஸ் கடிகாரத்தை (கணினிக்குள்ளேயே ஓடும் கடிகாரம்) ஒன்று உள்ளூர் நேரமாகவும் இன்னொன்று யூடிசியாகவும் (உலகப் பொது நேரம்) எடுத்துக்கொள்ளும், எழுப்பும் நேரம் மணிக்கணக்கில் தள்ளிப் போகும்.