பழைய ஹைலக்ஸ் கெப்: ரேடியோ 90க்கு மேலே போகவில்லை, ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடுகிறது, பற்றரியும் இறங்குகிறது – உதவி தேவை

வயல்வெளி:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் தோட்ட வேலைக்காக 1996ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப் ஒன்று வாங்கியிருக்கிறோம். 2.8 டீசல், ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே இலங்கைக்கு வந்த வாகனம். எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது. பாட்டுச் செற்தான் தொல்லை. டொயோட்டாவோடு வந்த கசற் ரேடியோ இன்னும் டாஷ்போர்டில் இருக்கிறது.

எஃப்எம்மைத் திருப்பினால் இலக்கம் 76இல் தொடங்கி 90இல் முடிகிறது, பிறகு மறுபடி 76. சூரியன், சக்தி, வசந்தம் என்ற தமிழ் நிலையங்கள் ஒன்றும் இல்லை. 90க்குக் கீழே ஒன்றிரண்டு நிலையங்கள் இரைச்சலோடு வருகின்றன. அப்பாவுக்கு வேண்டியது காலைச் செய்தியும் இரவில் திரும்பி வரும்போது பழைய பாட்டும்தான். எனக்கு ஃபோனிலிருந்து பாட்டுப் போட முடிந்தால் நல்லது.

சாரதி பக்கக் கதவு ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடுகிறது. கதவை அடித்துச் சாத்தினால் சில வேளை திரும்ப வரும். எஞ்சின் ஓடும்போது மெல்லிய ஊளைச் சத்தம் ஒன்று கேட்கிறது, அக்சிலேற்றரை மிதிக்க அதுவும் ஏறுகிறது. இவை எல்லாவற்றையும் விட, நாலைந்து நாள் ஓடாமல் நின்றால் வாகனம் ஸ்டார்ட் ஆவதில்லை. பற்றரி புதிது.

ஒரு கராஜில் காட்டினேன். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அன்ட்ராய்டு செற், அம்ப்ளிஃபயர், சப்வூஃபர் பூட்டச் சொன்னார்கள். அவ்வளவு செலவழிக்க இப்போது வசதி இல்லை. மல்ரிமீற்றர் இருக்கிறது, பாவிக்கவும் தெரியும். செற்றை வெளியே இழுத்துப் பார்த்தபோது ஏரியல் வயரின் நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி தொங்கியது. அதன் சிவப்பு வயர் எதிலும் இணைக்கப்படவில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

கரவை மின்னன்:
தம்பி, முதலில் ஒன்று: உங்கள் ரேடியோ பழுதில்லை. ஜப்பானில் எஃப்எம் ஒலிபரப்பு 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் இருந்தது. அதற்கு மேலே 90 முதல் 108 வரை அவர்களுடைய அனலொக் தொலைக்காட்சியின் 1, 2, 3ஆம் அலைவரிசைகள் ஓடின. 2011இல் அந்தத் தொலைக்காட்சியை நிறுத்தத் தொடங்கிய பிறகுதான் இடம் காலியாகி, 95 வரை நீட்டினார்கள். 96ஆம் ஆண்டு செற்றுக்கு 90க்கு மேலே ஓர் உலகமே கிடையாது. இங்கே நிலையங்கள் 108 வரை பரந்திருக்கின்றன. தமிழ் நிலையங்கள் பெரும்பாலும் நூறுக்கு மேலே.

நீங்கள் கண்ட பெட்டி பாண்ட் எக்ஸ்பாண்டர். மேலேயுள்ள அலைவரிசைகளைக் கீழே இறக்கிக் கொடுப்பது அதன் வேலை. 20 என்று குறித்த பெட்டியானால் 103இல் உள்ள நிலையம் உங்கள் ரேடியோவில் 83இல் பாடும். ஆனால் அது வேலை செய்ய 12 வோல்ற் வேண்டும். சிவப்பு வயர் தொங்குகிறது என்கிறீர்கள், அதுதான் காரணம். திறப்பைப் போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயரில் அதைச் சேருங்கள். டொயோட்டாவின் 10 முனைச் செருகியில் அது வழக்கமாகச் சாம்பல் நிறம். நீலத்தில் மஞ்சள் கோடு போட்டது பற்றரியிலிருந்து எப்போதும் வருவது, அதில் சேர்க்க வேண்டாம். மண்ணிறம் எர்த். நிறத்தை மட்டும் நம்பாமல் மீற்றரை வைத்துப் பாருங்கள், முப்பது வருட வாகனத்தில் எத்தனை பேர் கைவைத்தார்களோ தெரியாது.

பெட்டியின் மேல் என்ன இலக்கம் இருக்கிறது என்று பாருங்கள். 12 என்றிருந்தால் 103ஆம் நிலையம் 91க்குத்தான் இறங்கும், உங்கள் ரேடியோ 90ஐத் தாண்டாது. இங்கே 88 முதல் 108 வரை இருபது மெகாஹேர்ட்ஸ், ரேடியோவிலோ பதினான்கு. ஆகவே எந்தப் பெட்டியைப் போட்டாலும் ஒரு துண்டு விடுபடும். 20ஐப் போட்டால் 96 முதல் 108 வரை கிடைக்கும். அப்பாவின் நிலையங்கள் அதற்குள் வந்தால் போதுமல்லவா?

தென்மராட்சி தம்பி:
ஸ்பீக்கருக்கு: கதவுக்கும் கபினுக்கும் நடுவே ஒரு கறுப்பு றப்பர்க் குழாய் இருக்கும். அதற்குள் வயர் முறிந்திருக்கும், பழைய கெப்களில் இது சர்வசாதாரணம். ஒவ்வொரு தரம் கதவு திறக்கும்போதும் அதே இடம்தான் மடிகிறது. ரேடியோச் செருகியைக் கழற்றி, வலது முன் ஸ்பீக்கர் வயர் இரண்டிலும் (இளம்பச்சை, நீலம்) ஓம்ஸில் மீற்றரை வையுங்கள். 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் என்றால் 3 முதல் 4க்குள் காட்டும். ஒருவரைக் கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள். இலக்கம் குதித்தால் வயர். குதிக்காமல் நின்றால் ஸ்பீக்கரைக் கழற்றிக் காகிதம் கிழிந்திருக்கிறதா பாருங்கள்.

முறிந்திருந்தால் முறுக்கி ரேப் சுற்ற வேண்டாம், ஒரு மழையில் திரும்ப வரும். ஈயம் வைத்து ஒட்டி, சுருங்கும் குழாய் போடுங்கள். ஒட்டிய இடம் றப்பருக்குள் வராமல், மடியாத பக்கத்தில் வரட்டும். அதற்குக் கொஞ்சம் நீளமான புது வயர் வேண்டும்.

கரவை மின்னன்:
தம்பி சொன்னது சரி. ஊளைச் சத்தத்துக்கு வருகிறேன். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை, ஆகவே பற்றவைப்பு இரைச்சல் என்ற பேச்சே இல்லை. எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கினால் அது பற்றரியைச் சார்ஜ் பண்ணும் அல்ரனேற்றரில் இருந்து வருவது. எந்த வழியாகச் செற்றுக்குள் நுழைகிறது என்பதுதான் கேள்வி. எஞ்சினை ஓடவிட்டு ஒரு கசற்றைப் போடுங்கள். கசற்றிலும் ஊளை இருந்தால் மின் வயரோ எர்த்தோ. கசற்றில் இல்லாமல் ரேடியோவில் மட்டும் என்றால் ஏரியலைப் பின்னால் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் நின்றால் ஏரியலின் அடிப்பகுதி பொடியோடு (வாகனத்தின் உடல் தகரத்தோடு) எர்த் ஆகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். துருவைச் சுரண்டி, பளிச்சென்று இரும்பு தெரியும்படி பூட்டினால் தீரும். இதைப் பார்க்காமல் நொய்ஸ் ஃபில்டர் வாங்கி வைப்பவர்கள் நிறையப் பேர். எனக்கு அது பிடிப்பதில்லை. காரணம் அப்படியே உள்ளே இருக்கும்.

பற்றரிதான் இதில் அவசரம். எல்லாவற்றையும் நிறுத்தி, கதவுகளைச் சாத்தி, பற்றரியின் கழித்தல் முனையைக் கழற்றி நடுவே அம்பியர் மீற்றரை 10 அம்பியர் துளையில் வையுங்கள். சில நிமிடங்கள் பொறுங்கள். அந்தக் காலத்து வாகனத்தில் 0.05 அம்பியருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேலே இருந்தால் ஒவ்வொரு பியூஸாகக் கழற்றுங்கள், எதில் இலக்கம் விழுகிறதோ அந்த வழிதான் குடிக்கிறது. மீற்றர் நடுவே இருக்கும்போது தப்பித்தவறியும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம், மீற்றர் போய்விடும்.

வயல்வெளி:
அண்ணை, எல்லாவற்றையும் பார்த்தேன். பெட்டியில் 20 என்றுதான் இருக்கிறது. சாம்பல் வயரில் சேர்த்ததும் 83 பக்கம் தமிழ் கேட்டது! அப்பா பக்கத்தில் இருந்தார், முகம் மலர்ந்துவிட்டது. கதவு வயர் றப்பருக்குள் முறிந்துதான் இருந்தது, ஒட்டிவிட்டேன். கசற்றில் ஊளை இல்லை, ஏரியலைக் கழற்றினால் நிற்கிறது. அடிப்பகுதி முழுக்கத் துரு.

பற்றரிதான் குழப்பம். மீற்றர் 0.7 அம்பியர் காட்டுகிறது. எல்லாப் பியூஸையும் கழற்றிவிட்டேன், இலக்கம் அசையவில்லை.

கரவை மின்னன்:
பியூஸ் பெட்டியைத் தாண்டி நேரே பற்றரியிலிருந்து போகும் வயர் ஒன்று இருக்கிறது. 0.7 என்றால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 17 அம்பியர்-மணி. 70 அம்பியர்-மணிப் பற்றரி நாலு நாளில் காலி, உங்கள் கணக்கோடு பொருந்துகிறது. பற்றரி முனையில் யாராவது பிறகு சேர்த்த தடித்த வயர் இருக்கிறதா? அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே போங்கள். பின் இருக்கைக்குக் கீழே பாருங்கள்.

வயல்வெளி:
பின் இருக்கைக்குக் கீழே ஒரு சிறிய அம்ப்ளிஃபயர்! ஸ்பீக்கர் ஒன்றும் அதில் இல்லை. பற்றரியிலிருந்து நேரே வயர், நடுவில் பியூஸ் இல்லை. றிமோட் முனையையும் (அம்ப்ளிஃபயரை எழுப்பும் முனை) அதே வயரில் முறுக்கி வைத்திருக்கிறார்கள். கழற்றியதும் மீற்றர் 0.02க்கு இறங்கிவிட்டது. இனி இதை வைத்துப் புதிய ஸ்பீக்கர் ஓட்டலாமா?

கரவை மின்னன்:
றிமோட் முனைக்கு எப்போதும் 12 வோல்ற் கிடைத்ததால் அது இரவு பகலாக விழித்திருந்தது. அதைவிடப் பயம் அந்த வயர். பியூஸ் இல்லாமல் தகரத் துளை வழியாகப் போகிறது, தோல் உரிந்து பொடியில் பட்டால் வாகனமே எரியும். இன்றைக்கே பற்றரிப் பக்கத்தில் கழற்றிவிடுங்கள். பின்னொரு நாள் அம்ப்ளிஃபயர் வைப்பதானால் பற்றரியிலிருந்து அரை மீற்றருக்குள் பியூஸ், துளையில் றப்பர் வளையம், றிமோட்டுக்குச் செற்றிலிருந்து வரும் நீல-வெள்ளை வயர். இந்த மூன்றும் இல்லாமல் செய்ய வேண்டாம்.

கொழும்புத்தெரு:
ஃபோன் பாட்டுக்கு நான் சொல்கிறேன். இரண்டு வழி. பழைய செற்றை வைத்துக்கொள்ள விருப்பமானால் கசற் வடிவ புளூடூத் அடாப்டர் போதும், சத்தம் சுமார். எஃப்எம் ட்ரான்ஸ்மிற்றர் வாங்க வேண்டாம்: உங்கள் எக்ஸ்பாண்டரோடு அது எந்த இலக்கத்தில் வரும் என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

புதுச் செற் என்றால் சின்னத் திரை இல்லாத ஒற்றை உயரச் செற் ஒன்று எடுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: ஜப்பானில் இருந்து வரும் பாவித்த செற்கள் மலிவாகக் கிடைக்கும், பார்க்கவும் வடிவாக இருக்கும், ஆனால் அதே 76–90 கதைதான். கடையிலேயே மின் கொடுத்து 108 வரை போகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு காசு கொடுங்கள். டொயோட்டாவின் ஓட்டை 200 மில்லிமீற்றர் அகலம், பொதுச் செற்கள் 180. இரு பக்கமும் அடைக்கும் பிளாஸ்டிக் துண்டு கேட்டு வாங்குங்கள். டொயோட்டா 10 முனை, 6 முனை மாற்றுச் செருகியும் வாங்குங்கள், வாகனத்தின் சொந்தச் செருகியை வெட்ட விடாதீர்கள். பழைய செற் பூட்ட வேண்டி வந்தால் அது உதவும்.

புதுச் செற்றின் பெட்டியில் 4 × 50 வாற் என்று போட்டிருக்கும். செற்றின் பின்னால் இருக்கும் பியூஸ் பெரும்பாலும் 10 அம்பியர். 14 வோல்ற்றில் 10 அம்பியர் என்றால் மொத்தமே 140 வாற். 200 எங்கிருந்து வரும்? ஒரு ஸ்பீக்கருக்கு உண்மையில் 15, 20 வாற்தான் தொடர்ந்து கிடைக்கும். கெப்பின் சின்னக் கபினுக்கு அது தாராளம்.

தென்மராட்சி தம்பி:
புதுச் செற் பூட்டமுதல் ஒன்று பாருங்கள். ஸ்பீக்கரின் கழித்தல் வயருக்கும் பொடிக்கும் நடுவே மீற்றரை வையுங்கள், தொடர்பு இருக்கக்கூடாது. பழைய செற் சிலவற்றுக்குக் கழித்தலைப் பொடியில் பூட்டியிருப்பார்கள். புதுச் செற்றுக்கு அது ஆகாது, சூடாகி அடிக்கடி அணையும் அல்லது ஒரேயடியாகப் போய்விடும். அப்படி இருந்தால் கதவு வரை புதிதாக இரண்டு வயர் இழுங்கள்.

ஸ்பீக்கர் மாற்றினால் பூட்டமுதல் கண்ணாடியை முழுக்க இறக்கி, காந்தத்தில் முட்டுகிறதா பாருங்கள். கதவின் பெரிய துளைகளை மூடினால் பாஸ் கூடும். கீழே தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் தொடவே வேண்டாம்.

வயல்வெளி:
செற்றை அடுத்த அறுவடைக் காசில் பார்க்கலாம் என்று அப்பா சொல்கிறார். இப்போதைக்குக் கதவு ஸ்பீக்கர் இரண்டையும் மட்டும் மாற்றினேன். சத்தம் தெளிவு, ஆனால் பாஸ் முன்பை விடக் குறைந்தது போல இருக்கிறது. ஏன்?

கரவை மின்னன்:
ஒரு பக்கம் கூட்டலும் கழித்தலும் மாறிப் பூட்டியிருக்கும். இரண்டு ஸ்பீக்கரும் எதிரெதிராக அசைந்தால் பாஸ் ஒன்றையொன்று விழுங்கிவிடும். செருகியில் இருந்தே சோதிக்கலாம்: 1.5 வோல்ற் பென்ரோர்ச் பற்றரியின் கூட்டலை ஸ்பீக்கரின் கூட்டல் வயரிலும் கழித்தலைக் கழித்தல் வயரிலும் ஒரு கணம் தொடுங்கள். காகிதம் வெளியே தள்ள வேண்டும். எந்தப் பக்கம் உள்ளே போகிறதோ அந்தப் பக்கம் வயர் இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

வயல்வெளி:
இடப்பக்கம் உள்ளே போனது அண்ணை. மாற்றிவிட்டேன், பாஸ் வந்துவிட்டது.