பின் ஆக்சிலில் ஷாக்கின் கீழ்ப்பிடி: குழாய்க்கு மேலா, அடியிலா?

கல்லுப்பாதை:
சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் என்னுடையது. முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங். பின் ஷாக்கின் (ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) கீழ்ப்பிடி, ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டும் யூ-போல்ட் பிளேட்டோடு சேர்ந்து ஆக்சிலுக்கு அடியில் தொங்குவதால் பாறையில் இடித்து மூன்று முறை வளைந்துவிட்டது. இரண்டு பிடிகளையும் ஆக்சில் குழாயின் மேலே, நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலுக்கு (பல்சக்கரப் பெட்டிக்கு) பக்கமாகப் பற்றவைத்து, ஷாக்கை 45 டிகிரி உள்பக்கம் சாய்க்கப் போகிறேன். அடியில் இடமும் கிடைக்கும், சக்கரமும் நன்றாகத் தொங்கும்.

அளந்துபார்:
வேண்டாம் அண்ணே. செங்குத்தாக நிற்கும் ஷாக்கை 30 டிகிரி சாய்த்தாலே ஆட்டத்தை அடக்கும் அதன் பிடிப்பில் கால்வாசி போய்விடும். 45 டிகிரி என்றால் சரிபாதி. சாயும்போது ஷாக் நகரும் வேகமும் குறைகிறது, அது கொடுக்கும் விசையிலும் ஒரு பகுதிதான் மேல்கீழாக வேலை செய்கிறது. இழப்பு இரண்டு தடவை விழுகிறது.

கல்லுப்பாதை:
கணக்கு சரி தம்பி. ஆனால் நான் போவது முதல் கியரில், நடக்கிற வேகத்தில். அங்கே ஷாக்குக்கு வேலையே குறைவு. தேவைப்பட்டால் இன்னும் கடினமான ஷாக் போட்டுக்கொள்கிறேன்.

அளந்துபார்:
சாய்வால் போனதைக் கடினமான ஷாக் ஈடுகட்டும், ஒத்துக்கொள்கிறேன். உள்ளே தள்ளி வைப்பதால் போவதை ஈடுகட்டாது. இரண்டு ஷாக்குக்கும் நடுவே உள்ள இடைவெளி பாதியானால், வண்டி பக்கவாட்டில் ஆடுவதை அடக்கும் திறன் கால்வாசியாகிவிடும். அதை ஷாக்கின் கடினத்தால் மீட்கப் போனால் நான்கு மடங்கு வேண்டும். அப்புறம் தார் ரோட்டுக் குழியில் பின்சீட்டில் இருப்பவர்கள் தூக்கி எறியப்படுவார்கள். ஆள் ஏற்றிய ஜீப் உயரமான வண்டி அண்ணே. ஒரு சக்கரம் பாறையிலிருந்து இறங்கும்போது வரும் அந்த ஆட்டம்தான் எனக்குப் பயம்.

கல்லுப்பாதை:
பயம் எனக்கும் உண்டு. பாதி வழியில் ஷாக் கழன்று தொங்கினால் அந்தப் பக்கம் பிடிப்பே இல்லை, அதையும் எண்ணிப் பார்.

பட்டறை:
இருவருக்கும் ஒன்று சொல்கிறேன். பிடியை மேலே ஏற்றுவதும் உள்ளே தள்ளுவதும் வேறு வேறு வேலை. குழாயின் பின்பக்கம், அடிமட்டத்துக்கு மேலே, பிரேக் டிரம்மையும் ஸ்பிரிங்கையும் உரசாத அளவுக்கு வெளியே வையுங்கள். சாய்வு 20 டிகிரிக்குள் நின்றால் போவது எட்டில் ஒரு பங்குதான். இன்னொரு வழி, ஒரு ஷாக் ஆக்சிலுக்கு முன்னால், மற்றது பின்னால். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது லீஃப் முறுக்கிக்கொண்டு ஆக்சில் துள்ளுகிறதே, அதை இது அடக்கும். 1968 கமாரோ காரிலேயே இப்படி வைத்தார்கள்.

அளந்துபார்:
மேலே ஏற்றினால் ஷாக்கின் நீளம் குறையுமே? தொங்கும் தூரமும் போய்விடும்.

பட்டறை:
குறையும். அதனால்தான் முதலில் டாக் (தற்காலிகப் புள்ளி வெல்டிங்) மட்டும் அடிக்கச் சொல்வேன். ஜாக்கி வைத்து ஒரு சக்கரத்தை முழுக்க ஏற்றி, மறுபக்கத்தைத் தொங்கவிட்டு அளக்க வேண்டும். பம்ப் ஸ்டாப் (ஆக்சில் சேஸிஸில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) முழுதும் நசுங்கிய பிறகும் ஷாக் உள்ளே போக 20 மில்லிமீட்டராவது மிச்சம் இருக்கட்டும். கீழே தொங்கும்போது ஆக்சிலைத் தாங்குவது ஷாக்காக இருக்கவே கூடாது, ஷாக்கின் கண் (போல்ட் மாட்டும் முனை வளையம்) பிய்ந்துவிடும். போல்ட்டை ஒரே பக்கம் பிடிக்காமல் இரண்டு காதுக்கு (பிடியின் இருபக்கத் தகடுகளுக்கு) நடுவே பூட்டுங்கள். முழு வெல்டிங்கைத் துண்டு துண்டாக, ஆறவிட்டுப் போடுங்கள். ஒரே மூச்சில் இழுத்தால் குழாய் வளையும்.

கல்லுப்பாதை:
சரி, உள்ளே தள்ளுவதை விட்டுவிட்டேன். மேலே ஏற்றுவதை விடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஜாக்கியில் ஏற்றி அளவெடுத்துப் போடுகிறேன். மேல்பிடிக்குச் சேஸிஸில் இடம் இருக்கிறதா என்று அதற்குப் பிறகு சொல்லுங்கள்.

அளந்துபார்:
பின்சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்கும்போதும் ஒரு அளவு எடுங்கள் அண்ணே. காலி வண்டியின் சாய்வு வேறு, ஆள் ஏறிய பிறகு வேறு.