மறு: ஜான் ஃபெய்ட் வழக்கு – பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதா, பேச்சில் சொன்னதா?

இயேசுவுக்கே புகழ்.

ஐரீன் கார்சா என்ற பெண்ணைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட கத்தோலிக்கச் சாமியார் ஜான் ஃபெய்ட்டின் வழக்கைப் பற்றி டாலஸ் அண்ணன் கேட்டது நல்ல கேள்வி. பாவசங்கீர்த்தனத்தில் (ஒருவர் தன் பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் சடங்கில்) கேட்டதைத் தலையே போனாலும் வெளியே சொல்லக் கூடாது என்கிறபோது, ஒருவர் கோர்ட்டில் வந்து எப்படிச் சாட்சி சொன்னார்? பாதிப் பேர் இந்த வழக்கைத் தப்பாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

1960 ஏப்ரல் 16, ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமை. இடம் டெக்சாஸின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய மக்காலன். இரண்டாம் வகுப்பு டீச்சர் ஐரீன் கார்சா, வயது 25, திரு இருதயக் கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. ஐந்து நாள் கழித்து, 21ஆம் தேதி, கால்வாயில் உடல் கிடைத்தது. மயக்க நிலையில் பாலியல் வன்முறை நடந்திருக்கிறது, மூச்சுத் திணறிச் சாவு என்றது பிரேதப் பரிசோதனை. அத்தனை நாள் தண்ணீரில் கிடந்ததால் உடலில் ஒட்டியிருக்க வேண்டிய தடயங்கள் கழுவிப் போய்விட்டன. பின்னாளில் டிஎன்ஏ சோதனை வந்தும் இந்த வழக்குக்குக் கைகொடுக்காததற்குக் காரணம் அதுதான்.

கால்வாயை வற்றவிட்டபோது ஒரு கோடாக் ஸ்லைடு பார்க்கும் கருவி கிடைத்தது. அது தன்னுடையது, 1959 ஜூலையில் போர்ட் இசபெல் ஊர் மருந்துக்கடையில் வாங்கியது என்று ஃபெய்ட் சாமியாரே எழுதிக் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 27. ஐரீனின் பாவசங்கீர்த்தனத்தைக் கோயிலில் வைத்துக் கேட்கவில்லை, சாமியார் பங்களாவில் வைத்துக் கேட்டேன் என்றும் ஒப்புக்கொண்டார். இதை யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம். அன்று நடப்பில் இருந்த 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 910ஆம் பிரிவுப்படி, நோயோ உண்மையான அவசியமோ இருந்தாலொழிய, பெண்களின் பாவசங்கீர்த்தனத்தைப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு (அதற்கென்றே உள்ள தனி இடத்துக்கு) வெளியே கேட்கக் கூடாது. அந்தத் தொட்டியில் சாமியாருக்கும் எதிரே இருப்பவருக்கும் நடுவில் கம்பித் தட்டி வைப்பது சும்மா அலங்காரத்துக்கு இல்லை.

அதற்கு மூன்று வாரம் முன்னால்தான், மார்ச் 23 அன்று, பக்கத்து எடின்பர்க் ஊர்க் கோயிலில் முழந்தாளிட்டிருந்த ஒரு கல்லூரி மாணவியின் வாயைப் பின்னாலிருந்து துணியால் பொத்தியிருந்தார்கள். அந்தப் பெண் கையைக் கடித்துத் தப்பினார். அந்த வழக்கிலும் ஃபெய்ட்தான் குற்றவாளிக் கூண்டில் நின்றார். முதல் விசாரணையில் ஜூரி ஒருமனதாகவில்லை. 1962இல், குற்றத்தை ஏற்கவும் இல்லை மறுக்கவும் இல்லை என்ற வகையில் வழக்கை முடித்துக்கொண்டார். தண்டனை 500 டாலர் அபராதம், அவ்வளவுதான். 1960இல்தான் கென்னடி என்ற கத்தோலிக்கர் ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். ஒரு சாமியார் கைதானால் தேர்தலில் என்ன ஆகும் என்று திருச்சபை அதிகாரிகள் அந்தக் காலத்தில் எழுதிய கடிதத்தைப் பின்னால் அரசுத் தரப்பு ஜூரியிடம் காட்டியது.

ஃபெய்ட்டை ஊர் மாற்றினார்கள். 1963இல் மிசூரி மாநிலம் ஏவாவில் உள்ள டிராப்பிஸ்ட் (கத்தோலிக்கத் துறவற சபை ஒன்று) மடத்துக்கு வந்தார். அங்கே அவரை ஆராய்ந்து வழிகாட்டும் பொறுப்பு டேல் டாசெனி என்ற துறவிக்கு. ஒரு பெண்ணைக் கொன்றதாக ஃபெய்ட் அவரிடம் சொன்னது அந்த வழிகாட்டல் பேச்சில்தான். பாவமன்னிப்புக் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. திருச்சபைச் சட்டத்தில் எந்த விலக்கும் இல்லாத முத்திரை, அதாவது ரகசியம் காக்கும் கட்டாயம், பாவசங்கீர்த்தனம் என்ற அருட்சாதனத்துக்கு மட்டும்தான். ஆன்ம ஆலோசனையில் கேட்டதைக் காப்பதும் கடமைதான், ஆனால் அது அந்த முத்திரை அல்ல. அரசுச் சட்டத்தின் பாதுகாப்பு இன்னொரு கணக்கு: டெக்சாஸ் சாட்சிய விதி 505, ஆன்ம ஆலோசகரிடம் அந்தரங்கமாகச் சொன்னதற்கும் பாதுகாப்புத் தருகிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எது எப்படியோ, இந்த வழக்கில் ஜூரி டாசெனியின் சாட்சியத்தைக் கேட்டது.

மடத்துக்குப் பிறகு ஃபெய்ட் நியூ மெக்சிகோவின் ஹெமஸ் ஸ்பிரிங்ஸில், தவறிய சாமியார்களைத் திருத்தும் நிலையத்தில் மேலதிகாரியாகவே ஆகிவிட்டார். அங்கே வந்த ஜேம்ஸ் போர்ட்டர் என்ற சாமியார் மறுபடி பங்குக்கு (கோயில் பொறுப்புக்கு) போக வழிவிட்டதில் இவருக்கும் கை உண்டு. அந்தப் போர்ட்டர் 1993இல் மாசசூசெட்ஸில் 28 பிள்ளைகளைக் கெடுத்த குற்றத்தை ஒப்புக்கொண்டவர். வேலியே பயிரை மேய்வது என்பார்களே, அதுதான். 1972இல் ஃபெய்ட் துறவறத்தை விட்டுக் கல்யாணம் செய்துகொண்டு அரிசோனாவில் குடியேறினார்.

டாசெனி வாய் திறந்தது 2002இல். இறந்தவர் பெயர் அவருக்குத் தெரியாது, ஊரும் சான் அன்டோனியோ என்று நினைத்து அந்தப் போலீசிடம் போனார். டெக்சாஸ் ரேஞ்சர்கள் என்ற மாநிலப் போலீஸ் பிரிவினர்தான் இதை மக்காலனோடு முடிச்சுப் போட்டார்கள். ஃபெய்ட்டோடு ஒரே பங்கில் இருந்த ஜோசப் ஓப்ரையன் சாமியாரும், தன்னிடம் அவர் ஒப்புக்கொண்டதாகச் சொன்னார். ஆனால் 2004இல் அன்றைய மாவட்ட வழக்கறிஞர் (அரசுத் தரப்பு வழக்கை நடத்துபவர்), குற்றம் சாட்டலாமா என்று முடிவுசெய்யும் கிராண்ட் ஜூரியைக் கூட்டியபோது இந்த இருவரையும் நேரில் அழைக்கவே இல்லை. குற்றச்சாட்டு பதிவாகவில்லை. என் கணக்கில், 1960இல் நடந்ததைவிட இதுதான் பெரிய கோட்டை விட்ட இடம். மறுபடி விசாரணைக்கு வருவதற்குள் ஓப்ரையன் இறந்துவிட்டார். செத்தவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது.

டெக்சாஸில் கொலைக்குக் காலவரம்பு கிடையாது. வேண்டியிருந்தது, வழக்கை எடுக்க மனமுள்ள ஒரு வழக்கறிஞர் மட்டுமே. 2014 தேர்தலில் ஆள் மாறியது. புதிதாக வந்த ரிக்கார்டோ ரோட்ரிகஸ் வழக்கைத் திரும்பத் திறந்தார். 2016 பிப்ரவரியில், 83 வயதில், ஃபெய்ட் ஸ்காட்ஸ்டேலில் கைதானார். 2017 டிசம்பர் 7 அன்று குற்றவாளி என்று தீர்ப்பு. கொலை நடந்து கழிந்த வருஷத்துக்கு ஒன்றாக 57 ஆண்டுச் சிறை கேட்டது அரசுத் தரப்பு. ஜூரி மறுநாள் ஆயுள் தண்டனையே கொடுத்தது. 2020 பிப்ரவரியில், 87 வயதில், கைதியாகவே இறந்தார்.

டாலஸ் அண்ணன் கேட்ட சாட்சி, டாசெனி, கோர்ட்டில் ஏறியபோது சாமியார் இல்லை. மடத்தை விட்டு வந்து ஐம்பது வருஷம் ஆகியிருந்தது.